ஒரே மனுவில் ஐந்து பேர்

நம் பள்ளிக்கூடச் செட்டில் யாருக்குப் போன் போட்டாலும் முதலில் முதுகு வலி, அப்புறம் சர்க்கரை, அப்புறம்தான் பிள்ளைகள். நாற்பதைத் தொட்டதற்கே இந்தப் பாடு. போன மாதம் போடிக்குப் போனபோது நானும் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் முதல் காரியமாக உட்கார இடம்தான் தேடினேன். அப்படி வீடு போய்ச் சேர்ந்தவளிடம் அத்தை ஒரு சாக்கைக் காலால் தள்ளிவிட்டாள்.

"ஆபரேசன் பண்ணியும் கண்ணு தெளியல. இனி எழுதுறதும் இல்ல, வாசிக்கிறதும் இல்ல. நீ கொண்டு போ."

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பதினேழு வயதில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தாள். கல்யாணம் கட்டாமல் எங்கள் வீட்டிலேயே இருந்து, தினமும் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வந்தாள். சாக்குக்குள் இருந்தவை அவளுடைய கொப்பிகள். நாம் நோட்டு என்பது அவளுக்கு இன்றைக்கும் கொப்பிதான். பதினான்கு வயதில் ஆரம்பித்து ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறாள்.

அன்றன்றைக்கு எழுத மாட்டாள். மலையில் இருந்து இறங்கி வந்தால் விரல் மடங்காது. காய் பறித்துப் பறித்து நகக்கண்ணெல்லாம் கறை ஏறிக் கறுத்திருக்கும். மறுநாள் விடியலில், அடுப்பில் சோறு கொதிக்கிற நேரத்தில் உட்கார்ந்து முந்தின நாளை எழுதுவாள். சோறு வெந்துவிட்டால் எழுத்தும் முடிந்துவிடும். அதனால் அவள் வாழ்க்கையில் எல்லா நாளும் ஏறக்குறைய ஒரே நீளம்.

இதைப் பார்த்து அம்மாவுக்கு இருந்த ஒரே கவலை, தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாளோ என்பதுதான். "ரசத்துல உப்பில்லன்னு தேதி போட்டு எழுதி வச்சிருப்பா ஒங்க அத்த" என்பாள். அப்பாவோ, படித்த பெண்ணுக்கு ஏற்ற வரன் அமையாததால் வந்த பழக்கம் என்று தெருவில் எல்லோரிடமும் விளக்கம் சொல்லுவார். இரண்டுமே தப்பு. அது எனக்குப் பதினோரு வயதிலேயே தெரியும். ஏனென்றால் அவள் மலைக்குப் போன பிறகு, கொப்பிகளைத் திருட்டுத்தனமாக வாசித்துக்கொண்டிருந்தவள் நான்.

என்னை நினைவிருக்கும் உங்களுக்கு. ஆறாம் வகுப்பில் வாசிப்புப் போட்டியில் எவர்சில்வர் டம்ளர் வாங்கியவள். வடை சுற்றி வந்த தாளைக்கூட எண்ணெயோடு பிரித்து வாசிப்பேன். முதல் கொப்பி, மஞ்சள் அட்டை போட்டது. அதன் நடுப்பக்கம் ஒன்றில்தான் அத்தையின் உயிர் இருந்தது.

விஷயம் இதுதான். தோட்டத்துத் தமிழர்களில் இன்னின்னார் இந்தியாவுக்கு, இன்னின்னார் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் பிரித்துக்கொண்ட காலம். இந்தியாவுக்குப் போக விரும்புகிறவர்கள் மனு எழுதிப் போட வேண்டும். பதினெட்டு வயது தாண்டியவர்களுக்குத் தனி மனு. அத்தை இருந்த லயத்தில், அதாவது தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட அறைகளில், எழுத்துத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பதினோரு வீட்டுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறாள், எல்லாம் சரியாக. பன்னிரண்டாவது தன் வீடு. அப்பா, அம்மா, அக்கா, தான், தம்பி என்று ஐந்து பேர். அக்காவுக்குப் பத்தொன்பது வயது. தனியாக எழுதியிருக்க வேண்டும். அத்தை எழுதவில்லை. ஒரே மனுவில் ஐந்து பேரையும் எழுதிக் கைநாட்டு வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

மூன்று வருடம் கழித்துக் கப்பலுக்கு உத்தரவு வந்தபோது அதில் நான்கு பெயர்தான் இருந்தது.

"அக்காவுக்குத் தனியா எழுதினியா?" என்று வீட்டில் கேட்டார்கள். எழுதினேன் என்றாள். அந்த ஒரு சொல்தான். மனுக்களை வாங்கி அனுப்பியவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது அவருக்கும் தாத்தாவுக்கும் ஏற்கெனவே வாய்த்தகராறு. அவர்தான் பழிவாங்க அக்காவின் மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டார் என்று முடிவானது. தாத்தா சாகும்வரை அதையே நம்பினார். அப்பாவும் நம்பினார். அந்த அக்கா, எங்கள் பெரியத்தை, கடலுக்கு அந்தப் பக்கம் தனியாக நின்றுவிட்டாள்.

அந்தப் பெரியத்தை இருபத்தைந்து வருடம் கழித்து, ஒரு மாத விசாவில் எங்களைப் பார்க்க வருகிறாள் என்று கடிதம் வந்தது. நான் ஆறாவது படித்த வருடம். காய் எடுப்பு மும்முரமாக இருந்த மழைக்காலம்.

கடிதத்தை வாசித்துக் காட்டியவளும் நான்தான். அத்தை அன்று சாப்பிடவில்லை. மறுநாள் மஞ்சள் கொப்பியை மட்டும் தனியே எடுத்து, என் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்தாள். நான் வாசித்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. திட்டவில்லை.

"இது ஓங்கிட்ட இருக்கட்டும். அவ கேட்டா கறையான் தின்னுருச்சுன்னு சொல்லு. நானே சொல்லிக்கிறேன் அவகிட்ட. வெரசா சொல்லிருவேன்."

பெரியத்தை திருச்சியில் விமானம் இறங்கி, அப்பாவோடு மத்தியான பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். நான் ஏதோ பெரிய உருவத்தை எதிர்பார்த்திருந்தேன். வந்தது என் உயரத்துக்குக் கொஞ்சம்தான் கூடுதலான ஒரு அம்மாள். முதுகுக் கூடையின் கயிறு பதிந்து பதிந்து உச்சந்தலையில் முடி வழுக்கிப் போயிருந்தது. ஒரு பெட்டி நிறையத் தேயிலைத் தூளும், பால் டொபியும், எல்லோருக்கும் சோப்பும் கொண்டுவந்திருந்தாள். அக்காவும் தங்கச்சியும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். அம்மா காபியை ஆற்றி ஆற்றி, நுரையெல்லாம் போன பிறகுதான் கொடுத்தாள்.

அத்தையால் வேலையை விட முடியவில்லை. எடுப்பு நேரத்தில் ஆள் நின்றால் அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆறு மணி ஜீப்பில் போவாள். இடுப்பில் பிளாஸ்டிக் தாள், காலில் அட்டை ஏறாமல் இருக்கப் புகையிலைத் தண்ணீர். சாயங்காலம் நனைந்து வருவாள். அவள் மேல் அடிக்கிற பச்சை ஏலக்காய் வாசம் நீங்கள் நினைக்கிற பாயச வாசம் இல்லை. இஞ்சித் தோலும் ஈரமண்ணும் சேர்ந்த ஒரு காரல். பெரியத்தை அதை மோந்துவிட்டு, "கொழுந்து வாசத்தை விட்டுட்டு என்னாத்துக்கு வந்தீங்க, இதுக்கா?" என்று சிரித்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு நான் வந்ததும் பெரியத்தை காலை நீட்டி உட்கார்ந்து, முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "ம், வாசி புள்ள" என்பாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. தங்கச்சி படிக்கட்டும் என்று பத்து வயதில் கொழுந்துக்குப் போனவள். அந்த மஞ்சள் கொப்பியே அவள் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்ததாம். முதல் நாளே அதைத்தான் கேட்டாள். கறையான் என்றேன். அவள் நம்பினாள். நான் பொய்யை இவ்வளவு நன்றாகச் சொல்லுவேன் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

மற்றதை எல்லாம் வாசித்தேன். கப்பல் இறங்கியதும் தங்கவைத்த மண்டபம் முகாமில் சோற்றில் மணல் வந்ததும், கல் இல்லையே என்று அவர்கள் அம்மா சமாதானம் சொன்னதும். அங்கிருந்து ஒரு நூல் மில்லுக்கு அனுப்பப்பட்டு, அந்த மில் மூடிக்கிடந்ததும். மலையே இல்லாத ஊரில் தாத்தாவுக்குத் தூக்கம் வராமல் போனதும். அப்புறம் பழைய தோட்டத்தில் கூட வேலை செய்த ஒருவர் சொல்லி போடிக்கு வந்த நாள்: 'மலை தெரிந்தது. அப்பா பஸ்ஸிலேயே எழுந்து நின்றுவிட்டார்.' அந்த வரியைப் பெரியத்தை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். கீரையை வைத்துவிட்டுக் கேட்டாள்.

ஒரு நாள் அவளாகவே கேட்டாள், இலங்கைக் கலவரத்தில் ஊரெல்லாம் எரிந்த வருடம், ஆடி மாதம் என்ன எழுதியிருக்கிறாள் என்று. அந்த ஆடியில்தான் பெரியத்தை காம்பராவை, அதாவது தன் லயத்து அறையை விட்டு ஓடி, அங்கே கல்யாணம் கட்டிப் பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று நாள் தேயிலைச் செடிக்குள் கிடந்தது. நான் தேடி எடுத்து வாசித்தேன். 'மழை. ஏழு கிலோ காய். கருவாட்டுக் குழம்பு. ஜீப்பு பாதியில் நின்றது, நடந்து இறங்கினோம்.' அடுத்த நாளும் மழை.

"நல்லாத்தான் சாப்புட்டிருக்கீங்க" என்றாள் பெரியத்தை. கேலிதான். ஆனால் அதற்கப்புறம் இரண்டு நாள் வாசிக்கக் கூப்பிடவில்லை.

அத்தை தினமும் சொல்லப் போனாள், தினமும் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது வாரம் அப்பா ஒரு செய்தி கொண்டுவந்தார். அந்தக் கணக்கப்பிள்ளையும் எப்போதோ கப்பலேறி வந்து, இப்போது ராசிங்காபுரத்தில் மகள் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறாராம். பெரியத்தை கீரையை ஒதுக்கிவிட்டு எழுந்தாள்.

"நேர்ல ஒரு வார்த்த கேக்கணும். வேற ஒண்ணுக்கும் இல்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, பெரியத்தை, அத்தை, நான். மஞ்சள் கொப்பி என் பையில் இருந்தது. ஏன் கொண்டு போனேன் என்று கேட்காதீர்கள், அந்த வயதில் ரகசியத்தை வீட்டில் வைத்துவிட்டு எங்கும் போக முடியாது.

மாட்டுக்கொட்டத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் கயிற்றுக் கட்டில். கணக்கப்பிள்ளைக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டிருந்தது. வாய் கோணி, எச்சில் துடைக்க ஒரு துண்டு. மகள் தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் எங்களைப் பார்த்து நின்று, மோர் கொடுத்தாள். பெரியத்தை மோரை வாங்கவில்லை. தான் யார், எந்த லயம், எத்தனையாவது காம்பரா என்று சொல்லிவிட்டு, ஏன் என் மனுவைக் கிழித்தீர்கள் என்று கேட்டாள்.

அவர் துண்டால் எச்சிலைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"ஒங்க காம்பராவுல இருந்து... ஒரு மனுதானம்மா வந்துச்சு."

அப்பாவுக்கு வந்ததே கோபம். படுத்துக் கிடந்தும் பொய் போகவில்லையே என்று கட்டில் சட்டத்தைப் பிடித்து உலுக்கினார். மகள் கையில் இருந்த அரிவாளோடு ஓடிவந்தாள். அந்த நேரத்தில்தான் நான் கத்தினேன்.

"அப்பா, அவரு ஒண்ணும் பண்ணல. அத்ததான் எழுதாம விட்டுச்சு. இந்தா கொப்பியில இருக்கு."

எடுத்து வாசித்தும் விட்டேன். போட்டிக் குரலில், நிறுத்தி நிறுத்தி. 'மற்ற வீடுகளுக்குச் சரியாக எழுதினேன். அக்காவைத் தனித் தாளில் எழுத மனம் வரவில்லை. கல்யாணம் முடித்து அனுப்புவது போல இருந்தது. ஒரே மனுவில் ஐந்து பேரையும் எழுதிவிட்டேன்.'

வாசித்து முடித்து நிமிர்ந்தபோது யாராவது என்னைப் பாராட்டுவார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

பெரியத்தை தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எழுதலையா நீ?"

"இல்லக்கா."

"அன்னிக்கு எழுதினேன்னு சொன்ன."

பெரியத்தை கோபமாகக்கூடப் பேசவில்லை. மலை ஏறி இறங்கின ஆள் மூச்சு வாங்கிப் பேசுவதைப் போலப் பேசினாள்.

"எழுதாதது போகட்டும். பதினாலு வயசு. அதுக்கப்புறம் வாய் இருந்துச்சுல்ல ஒனக்கு? இந்த மனுசன் பேரச் சொல்லி நான் காளியாத்தா கோயில்ல தேங்கா ஒடச்சேன். கை கால் வெளங்காமப் போகணும்னு ஒடச்சேன். இந்தா, கெடக்குறாரு."

பிறகு கட்டிலின் கால்மாட்டில் போய் உட்கார்ந்து, அவருடைய விளங்காத காலைத் தொட்டாள். தேங்காய் உடைத்ததை அவரிடமும் சொன்னாள். கணக்கப்பிள்ளையின் கோணல் வாய் இன்னும் கொஞ்சம் கோணியது. அது சிரிப்பு என்று எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"தோட்டத்துல... ஏம் பேருக்கு ஒடையாத தேங்கா எது? இது சீனி வியாதிம்மா. வாயக் கட்டல."

மகள்கூடச் சிரித்துவிட்டாள். பெரியத்தை சிரிக்கவில்லை. விசா முடிய ஒன்பது நாள் இருந்தது. மகள் காட்டுக்குப் போனால் பகலெல்லாம் இந்த மனிதரைப் பார்க்க ஆளில்லை என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அந்த ஒன்பது நாளும் இங்கேயே இருந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். அப்பா என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். நாளைக்குப் பெட்டியைக் கொண்டுவந்து கொடு தம்பி என்று முடித்துவிட்டாள். அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் மூன்று சீட்டில் உட்கார்ந்து வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அப்பா கொப்பிகளை எல்லாம் எடைக்குப் போடப் போகிறேன் என்று கிளம்பினார். தடுத்தது அம்மா. அத்தனையையும் அள்ளித் தன் டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "என்னையப் பத்தி ஒண்ணுமே எழுதலையா?" என்று கேட்டாள். ஒன்று இருந்தது. 'தம்பி பெண்சாதி நல்ல பிள்ளை. என் துணியையும் சேர்த்துத் துவைக்கிறாள்.' அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மஞ்சள் கொப்பி மட்டும் காணாமல் போனது. கட்டில் பக்கத்திலேயே போட்டுவிட்டேனா, பஸ்ஸில் விட்டேனா, இன்றுவரை தெரியாது.

மறுநாளே அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து நடப்புக் கொப்பியை மட்டும் எடுத்து அத்தையின் அடுப்படிப் பலகையில் வைத்துவிட்டாள். அத்தை வழக்கம்போல எழுதினாள். எனக்கு வாசிக்கிற தைரியம் போய்விட்டது. எதையும் வாய்விட்டு வாசிக்கிற பழக்கமே அதோடு போனது. ஏழாம் வகுப்பில் போட்டியில் ஏன் சேரவில்லை என்று டீச்சர் கேட்டார்கள், தொண்டை கட்டு என்றேன்.

அதனால் அந்த வருடத்துக் கொப்பியை நான் வாசித்தது போன மாதம்தான். சென்னைக்குக் கொண்டுவந்து, ஆபீஸ் போகிற மின்சார ரயிலில் நின்றுகொண்டு வாசித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை விடியலில், சனிக்கிழமையைப் பற்றி எப்போதும்போல நாலு வரி எழுதிவிட்டு, கீழே ஒரு வரி கூடுதலாக எழுதியிருக்கிறாள்.

'இன்றைக்கு ராசிங்காபுரம். அவர் முன்னால் வைத்தே அக்காவிடம் சொல்லிவிடுவேன்.'

அப்போதுதான் எனக்கு அந்தத் தாழ்வாரம் திரும்பவும் தெரிந்தது. அப்பா கட்டிலை உலுக்கியபோது அத்தை ஒரு எட்டு முன்னால் வந்தாள். கை நீண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. அப்பாவைத் தடுக்க வருகிறாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து வருடம் தூக்கிச் சுமந்து அந்த இடம்வரை கொண்டுவந்துவிட்டாள். கடைசி ஒரு மூச்சில் நான் பிடுங்கிக்கொண்டேன். பெரியத்தை மன்னிக்காமல் போனது எழுதாத மனுவுக்காக இல்லை, சொல்லாத வாய்க்காக. அந்த வாயை மூடியது நான். போன் போட்டு அத்தையிடம் சொல்லலாம் என்று இரண்டு ஸ்டேஷன் யோசித்தேன். மூன்றாவது ஸ்டேஷனில் கூட்டம் ஏறியது. இன்னும் சொல்லவில்லை.

அந்த ஒன்பது நாளையும் அத்தை எழுதியிருக்கிறாள். காய் இத்தனை கிலோ, மழை, ரேஷன் அரிசியில் வண்டு. ஒவ்வொரு நாளின் முடிவிலும் ஒரே வரி: 'அக்கா பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள். நான் மலைக்குப் போனேன்.' எட்டு நாள் அப்படி. ஒன்பதாவது நாள் மட்டும் சோறு வெந்த பிறகும் எழுதியிருக்க வேண்டும், பக்கம் நிறைந்து இருக்கிறது.

'ஜீப்புக்குப் போகவில்லை. ராசிங்காபுரம் ஸ்டாப்பில் காலையிலிருந்து நின்றேன். அக்கா பெட்டியோடு வந்தாள். என்னைப் பார்த்தாள். பேசவில்லை. தேவாரத்தில் இருந்து வரும் மதுரை பஸ் வந்தது. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். ஏறி உட்கார்ந்தாள். நான் கீழே நின்றேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். அக்கா ஜன்னல் பக்கமாக நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். ஏறினேன். மதுரை வரைக்கும் போனேன். ஆண்டிபட்டி தாண்டி அக்கா தூங்கிவிட்டாள், தலை என் தோளில் விழுந்தது. எழுப்பவில்லை. மதுரையில் இறங்கித் திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஒன்றும் பேசவில்லை. போடிக்குத் திரும்ப இருட்டிவிட்டது.'